எங்கே வெட்டுவது? – கணினியும் என் ஆயாவும்



நம்ம சுவரிதழில் "சுருக்கச் செய்தி" பகுதியை இந்த வருஷம் நான்தான் எழுதுகிறேன். கட்டம் போட்ட தாளில் ஒரு வரிக்கு 25 கட்டம், இரண்டு வரி, மொத்தம் 50 கட்டம். ஒரு கட்டத்துக்கு ஒரு எழுத்து. சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவில் ஒரு கட்டம் காலியாக விட வேண்டும். செய்தி நீளமாக இருந்தால் எங்கேயாவது வெட்டித்தான் ஆக வேண்டும். எங்கே வெட்டுவது? இதுதான் இந்தக் கட்டுரை. சின்ன விஷயம் என்றுதான் நானும் நினைத்தேன். ஒரு மழை நாள் வரைக்கும்.

அந்த மழை நாள்

என் ஆயாவுக்குக் கண்ணில் புரை. வீட்டு போனுக்கு ஒரு செய்தி வந்தது. "இன்னாடி போட்டுருக்கு, படி"ன்னாங்க. நான் அவசரத்தில் போனைத் திறக்காமல் மேலே தெரிந்ததை மட்டும் படித்தேன்.

"நாளை காலை 10 மணிக்கு கண் பரிசோதனை முகாம்"

மறுநாள் கொட்டுகிற மழையில் ஆயா எதிர்வீட்டு அத்தையோடு ஷேர் ஆட்டோ பிடித்துப் பக்கத்து ஊருக்குப் போனாங்க. கதவு பூட்டியிருந்தது. நனைந்து திரும்பி வந்து இரண்டு நாள் காய்ச்சலில் படுத்தாங்க. அப்புறம்தான் செய்தியைத் திறந்து பார்த்தேன். முழுச் செய்தி இது:

"நாளை காலை 10 மணிக்கு கண் பரிசோதனை முகாம் மழை காரணமாக நடைபெறாது"

ஆயா திட்டவில்லை. "கண்ணு தெரியாதவ நானு. கண்ணு தெரிஞ்ச நீ முழுசா படிக்கக் கூடாதா?"ன்னு மட்டும் கேட்டாங்க. திட்டியிருந்தால்கூட பரவாயில்லை என்று இருந்தது.

போன் செய்தியை அழிக்கவில்லை. மேலே இடம் இருந்த அளவுக்குக் காட்டி, கடைசியில் மூன்று புள்ளி வைத்திருந்தது. நான் அந்தப் புள்ளிகளைப் பார்க்கவில்லை. தப்பு என்னுடையது. ஆனாலும் ஒரு கேள்வி மனசில் நின்றுவிட்டது. கணினி எதை வைத்து, எந்த இடத்தில் வெட்டுகிறது?

கணினி எண்ணுவது நம்ம எழுத்தை அல்ல

என் பெரியப்பா மகள் அக்கா பன்னிரண்டாம் வகுப்பில் கணினி அறிவியல் படிக்கிறாங்க. அவங்க பாடப் புத்தகத்தில் பைத்தான் மொழி இருக்கிறது. வீட்டிலிருந்த பழைய மடிக்கணினியில் எனக்குக் கற்றுக் கொடுத்தாங்க. முதலில் "தமிழ்" என்று தட்டச்சு செய்து, நீளத்தைச் சொல்லும் "லென்" என்ற செயற்கூறிடம் கொடுத்தோம். நம்ம கணக்கில் த, மி, ழ் என்று 3 எழுத்து. கணினி 5 என்றது!

காரணம் இதுதான். யூனிகோடு முறையில் தமிழுக்கு 128 இடங்கள் ஒதுக்கியிருக்கிறார்கள். நம்ம எழுத்து 247. உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1. உயிர்மெய் ஒவ்வொன்றுக்கும் தனி இடம் கிடையாது. "மி" என்றால் "ம" ஒரு குறி, "ி" இன்னொரு குறி. "ழ்" என்றால் "ழ" ஒரு குறி, புள்ளி ஒரு குறி. ஆகவே "தமிழ்" கணினிக்குள் ஐந்து எண்களாக இருக்கிறது:

த = 2980, ம = 2990, ி = 3007, ழ = 2996, புள்ளி = 3021

நம்ம ஊர் "மறைமலைநகர்" எழுத்து எண்ணினால் 7. கணினிக் குறி எண்ணினால் 10. "செங்கல்பட்டு" 7 எழுத்து, 12 குறி. இதை 7 குறியோடு வெட்டச் சொன்னேன். "செங்கல்" என்று வந்தது. மாவட்டத் தலைநகர் செங்கல்லாகப் போய்விட்டது! 11 குறியோடு வெட்டினால் "செங்கல்பட்ட" என்று "டு" தன் உகரக் குறியை இழந்து நிற்கிறது. மனிதர் யாரும் ஒரு எழுத்தை இப்படிப் பாதியில் வெட்ட மாட்டார்கள்.

2010-ல் தமிழ்நாடு அரசு யூனிகோடோடு "டேஸ் 16" என்ற இன்னொரு முறையையும் தரமாக அறிவித்தது. அதில் உயிர்மெய் ஒவ்வொன்றுக்கும் தனி இடம் உண்டு. ஆனால் இன்று நம்ம போனிலும் கணினியிலும் எங்கும் ஓடுவது யூனிகோடுதான்.

உங்களுக்குத் தெரியுமா?

ஒரு குறுஞ்செய்தியில் 140 பைட்டுகளுக்குத்தான் இடம். ஆங்கிலம் ஒரு எழுத்துக்கு 7 பிட் எடுப்பதால் 160 எழுத்து அடங்கும். தமிழ்க் குறி ஒன்றுக்கு 16 பிட் வேண்டும். அதனால் 70 குறிதான் அடங்கும். கொம்பும் புள்ளியும் அந்த 70-க்குள்தான்! சொல்லுக்கு இத்தனை காசு என்று வாங்கிய தந்தியில் இந்தத் தொல்லை இல்லை. சொல்லை முழுசாக எண்ணினார்கள், முழுசாக அனுப்பினார்கள். நம் நாட்டில் தந்தி சேவை 2013 ஜூலையில் நின்றுவிட்டது.

முதல் வழி: அப்படியே துண்டாக்குவது

ஆயாவின் செய்தியையே சோதனைக்கு எடுத்துக்கொண்டேன். நீளத்தை எண்ணினேன். இடைவெளியையும் சேர்த்து நம்ம கணக்கில் 41 கட்டம். கணினிக் கணக்கில் 62 குறி.

சுவரிதழ் அளவான 50-ஐக் கொடுத்து "முதல் 50 குறியை எடு" என்றேன். வந்தது இது:

"நாளை காலை 10 மணிக்கு கண் பரிசோதனை முகாம் மழை காரணம"

"காரணமாக" என்பது "காரணம" என்று தொங்குகிறது. சரி, 40 கொடுத்துப் பார்க்கலாம் என்று கொடுத்தேன். "...கண் பரிசோதனை முகாம்" என்று அழகாக முடிந்தது. ஒரு புள்ளிகூடக் கெடவில்லை. அன்று நான் ஆயாவுக்குப் படித்துக் காட்டிய அதே வரி! அப்போதுதான் எனக்கு உறைத்தது. "காரணம" என்று கோணலாக நின்றால் பார்ப்பவருக்குச் சந்தேகமாவது வரும். ஒழுங்காக முடிந்தால் யாருக்கும் சந்தேகமே வராது.

இரண்டாம் வழி: உள்ளிணைந்த செயற்கூறு

நாம் எழுதாமல், மொழியோடு சேர்ந்தே வருவது உள்ளிணைந்த செயற்கூறு. பைத்தானில் "டெக்ஸ்ட்ராப்" என்ற தொகுப்பு இருக்கிறது. அதற்குள் "ஷார்ட்டன்" என்று ஒரு செயற்கூறு, 2014-ல் வந்த 3.4 பதிப்பிலிருந்து உண்டு. அது சொல்லைப் பாதியில் வெட்டாது. இடைவெளி இருக்கும் இடத்தில்தான் நிறுத்தும். வெட்டினால் [...] என்று அடையாளமும் போடும். அந்த அடையாளத்துக்கு வேண்டிய இடத்தையும் அதுவே கணக்கில் எடுத்துக்கொள்ளும். ஒரே வரியில் வேலை முடிந்தது:

"நாளை காலை 10 மணிக்கு கண் பரிசோதனை முகாம் மழை [...]"

நல்லாத்தான் இருக்கு. ஆனால் மூன்று குறை கண்டேன்.

ஒன்று, இதுவும் குறியைத்தான் எண்ணுகிறது. நம்ம 50 கட்டத்தில் 41 எழுத்துச் செய்தி முழுசாகவே அடங்கும். வெட்ட வேண்டிய அவசியமே இல்லை! 62 என்று தப்பாக எண்ணியதால் "நடைபெறாது" போய்விட்டது. அக்கா இன்னொன்றும் சொன்னாங்க. பி.எச்.பி. மொழியில் "வேர்டுராப்" என்று ஒன்று உண்டாம். அது குறியைக்கூட எண்ணாது, பைட்டை எண்ணும். தமிழ்க் குறி ஒன்றுக்கு அங்கே 3 பைட். நான் தாளில் எண்ணிப் பார்த்தேன். அதே செய்தி 164 பைட். 50 கொடுத்தால் முதல் வரி "நாளை காலை 10 மணிக்கு" என்பதோடு நின்றுவிடும். என்ன முகாம் என்பதே தெரியாது.

ஒரே 50. பைட் எண்ணினால் நான்கு சொல், குறி எண்ணினால் எட்டு சொல், எழுத்து எண்ணினால் முழுச் செய்தியும். எதை எண்ணுகிறோம் என்று தெரியாமல் 50 என்று சொல்வதில் அர்த்தமே இல்லை.

இரண்டு, முதல் சொல்லே நீளமாக இருந்தால் அது சொல்லை விட்டுவிட்டு அடையாளத்தை மட்டும் தரும். "தெரிவித்துக்கொள்ளப்படுகிறது" என்ற சொல்லை 25 அளவில் கேட்டேன். வெறும் [...] வந்தது. அந்தச் சொல் நம்ம கணக்கில் 15 எழுத்துதான். அதன் கணக்கில் 27.

மூன்று, அதற்குச் சொல் என்றால் இடைவெளிக்கு நடுவில் இருப்பது, அவ்வளவுதான். நம்ம ஊர்ப் பெயரைச் சேர்த்து "மறைமலைநகர்" என்றும் எழுதுகிறார்கள், பிரித்து "மறைமலை நகர்" என்றும் எழுதுகிறார்கள். பிரித்து எழுதியதை நடுவில் வெட்டினால் "மறைமலை" மட்டும் மிஞ்சும். ஊர் போய், அந்த ஊருக்குப் பெயர் தந்த மறைமலை அடிகளே (1876–1950) வந்து நிற்பார்! "சிங்கப்பெருமாள் கோவில்" பஸ்ஸும் அப்படித்தான், "சிங்கப்பெருமாள்" என்றால் பஸ் எங்கே போகிறது?

இதில் கணினியை மட்டும் குறை சொல்ல முடியாது. நம்ம பழைய ஓலைச்சுவடிகளில் சொல்லுக்குச் சொல் இடைவெளியே கிடையாது, மெய்க்குப் புள்ளியும் பெரும்பாலும் இருக்காது. உ.வே.சாமிநாதையர் போன்றவர்கள் பொருள் தெரிந்துதான் பதம் பிரித்து அச்சில் ஏற்றினார்கள். நமக்கு எல்லை என்பது பொருளில் இருக்கிறது, கணினிக்கு இடைவெளியில் இருக்கிறது.

மூன்றாம் வழி: நானே எழுதியது

இது பயனர் வரையறுக்கும் செயற்கூறு. அதாவது நமக்கு வேண்டியதை நாமே எழுதிக்கொள்வது. படிகள் இவை. கணினி இல்லாதவர்கள் தாளிலும் செய்து பார்க்கலாம்.

1. செய்தியை ஒவ்வொரு குறியாக எடு. அதன் எண் 3006 முதல் 3021 வரை இருந்தால் அது கொம்பு, கால், புள்ளி வகை. அதைத் தனியாக எண்ணாதே, முன் எழுத்தோடு ஒட்டு.
2. மொத்த எழுத்து அளவுக்குள் இருந்தால் செய்தியை அப்படியே கொடு. வெட்டாதே.
3. இல்லாவிட்டால் இடைவெளியில் சொற்களாகப் பிரி.
4. "…" அடையாளத்துக்கு இடம் ஒதுக்கிவிட்டு, முதலிலிருந்து ஒவ்வொரு சொல்லாகச் சேர். அடுத்த சொல் அடங்காது என்றால் நிறுத்து.
5. முதல் சொல்லே அடங்காவிட்டால் அந்தச் சொல்லை மட்டும் முழு எழுத்தில் வெட்டு.
6. கடைசியில் "…" போடு.

எழுதுவதற்கு எளிதாகத் தெரிகிறது இல்லையா? எனக்கு மூன்று சாயங்காலம் பிடித்தது. முதல் நாள், கடைசிச் சொல்லுக்குப் பின்னாலும் ஒரு இடைவெளியை எண்ணிவிட்டேன். சரியாக அடங்குகிற செய்தியையும் வெட்டியது. இரண்டாம் நாள், யாரோ சொற்களுக்கு நடுவில் இரண்டு இடைவெளி விட்டிருந்தார்கள், கணக்கு தப்பியது. உள்ளிணைந்த செயற்கூறு இந்த இரண்டையும் முன்பே சரியாகச் செய்கிறது. அதை எத்தனையோ பேர் பயன்படுத்திப் பிழை கண்டு திருத்தியிருக்கிறார்கள். என்னுடையதை நான் ஒருத்திதான் சோதித்தேன். மூன்றாம் நாள் "பக்ஷி", "ஸ்ரீ" கொடுத்தபோது மறுபடி தப்பு வந்தது. க்ஷ, ஸ்ரீ இரண்டையும் தனியாகச் சொல்லிக் கொடுக்க வேண்டியிருந்தது.

அப்புறம்தான் அக்கா சிரித்துக்கொண்டே, "ஓப்பன் தமிழ்"னு பைத்தானுக்கு ஒரு நூலகம் இருக்கு, தமிழை எழுத்து எழுத்தா பிரிச்சுத் தரும், இலவசம்தான்னு சொன்னாங்க. "முன்னாடியே சொல்லக் கூடாதாக்கா?"ன்னு கேட்டேன். "சொல்லியிருந்தா உனக்குக் குறியும் எழுத்தும் வேறன்னு தெரிஞ்சிருக்குமா?"ன்னாங்க. அதுவும் சரிதான்.

கடைசிச் சொல்லில் இருக்கிற உயிர்

எழுத்து எண்ணிக்கை சரியாகிவிட்டது. ஆனால் இடம் 50-க்குப் பதில் 35 கட்டம்தான் என்றால்? மறுபடி "நடைபெறாது" போய்விடும். ஏனென்றால் தமிழில் பயனிலை பெரும்பாலும் கடைசியில் வருகிறது. ஆகும், ஆகாது, உண்டு, இல்லை எல்லாம் கடைசிச் சொல்லில்தான். ஆங்கிலத்தில் மறுப்புச் சொல் வினைக்கு முன்னாலேயே வந்துவிடுவதால் பின்பக்கம் வெட்டினாலும் பல நேரம் தப்பித்துக்கொள்ளும். நமக்கு வாலை வெட்டினால் தலையெழுத்தே மாறிவிடும்.

அதனால் ஒரு படி சேர்த்தேன். "கடைசிச் சொல்லை எப்போதும் வைத்துக்கொள், நடுவில் வெட்டு." 35 கட்டத்துக்கு வந்த விடை:

"நாளை காலை 10 மணிக்கு கண் பரிசோதனை முகாம் … நடைபெறாது"

எண்ணிப் பாருங்கள், 34 கட்டம். எனக்கு ஒரே சந்தோஷம்! தமிழ் அம்மாவிடம் ஓடிப்போய்க் காட்டினேன். அவங்க பார்த்துவிட்டு, செய்தியின் பின்னால் இரண்டே சொல் சேர்த்து எழுதிக் கொடுத்தாங்க.

"...மழை காரணமாக நடைபெறாது எனத் தெரிவித்துக்கொள்ளப்படுகிறது"

இப்போது 61 எழுத்து. 50 கட்டத்துக்குச் சுருக்கச் சொன்னேன்.

"நாளை காலை 10 மணிக்கு கண் பரிசோதனை முகாம் மழை … தெரிவித்துக்கொள்ளப்படுகிறது"

போச்சு! என் செயற்கூறு முக்கியமான சொல்லைத் தூக்கிப் போட்டுவிட்டு, வெறும் சடங்குச் சொல்லைப் பத்திரமாக வைத்திருந்தது. அறிவிப்புகளில் இப்படித்தானே எழுதுவார்கள்.

"எந்தச் சொல் முக்கியம்னு உன் கணினிக்குத் தெரியாதும்மா. எழுதுறவங்களுக்குத் தெரியும்"ன்னு சொல்லி, தமிழ் அம்மா செய்தியையே மாற்றி எழுதினாங்க:

"ரத்து: நாளை காலை 10 மணி கண் பரிசோதனை முகாம், மழை காரணம்"

இதை எங்கே வேண்டுமானாலும் வெட்டுங்கள். பைட் எண்ணினாலும், குறி எண்ணினாலும், எழுத்து எண்ணினாலும் "ரத்து" முன்னால் நிற்கும். என் மூன்று சாயங்கால வேலையை அவங்க ஒரு நிமிஷத்தில் முடித்துவிட்டாங்க.

நான் கற்றுக்கொண்டவை

1. உள்ளிணைந்த செயற்கூறு இருந்தால் முதலில் அதையே எடு. பலர் சோதித்தது, பிழை குறைவு.
2. ஆனால் அது எதை எண்ணுகிறது என்று தமிழ்ச் சொல் ஒன்றைக் கொடுத்துச் சோதி. "தமிழ்" என்றால் 3 வருகிறதா, 5 வருகிறதா, 15 வருகிறதா? 3 வந்தால் எழுத்து, 5 வந்தால் குறி, 15 வந்தால் பைட். (ஸ்விஃப்ட் என்ற மொழி 3 என்றே சொல்லுமாம்.)
3. அதற்குத் தெரியாததை மட்டும் நீயே எழுது. எல்லாவற்றையும் முதலிலிருந்து எழுதாதே. ஆனால் ஒரு முறை எழுதிப் பார்த்தால்தான் உள்ளே நடப்பது புரியும்.
4. வெட்டினால் வெட்டியதாக அடையாளம் போடு. அடையாளம் இருந்தால் திறந்து முழுசாகப் படி.
5. எழுதும்போதே முக்கியமானதை முன்னால் வை.

இனி நம்ம "சுருக்கச் செய்தி" பகுதிக்குச் செய்தி தருகிறவர்கள், ஆகுமா ஆகாதா என்பதை முதல் சொல்லிலேயே சொல்லும்படி கேட்டுக்கொள்கிறேன். அதையும் மீறி நீளமாக இருந்தால் என் செயற்கூறு வெட்டும். வெட்டியதை ஒட்டுவதற்கு முன்னால் நான் ஒரு தடவை முழுசாகப் படிப்பேன்.

அடுத்த முகாமுக்குச் செய்தி வந்தபோது ஆயா போனை என்னிடம் நீட்டினாங்க. திறந்து, முதல் சொல்லிலிருந்து கடைசிச் சொல் வரைக்கும் சத்தமாகப் படித்தேன். "நடைபெறும்" என்று முடிந்தது. "இன்னொரு வாட்டி கடேசிய மட்டும் படி"ன்னாங்க. படித்தேன். அப்புறம்தான் புடவை மாற்றப் போனாங்க.

செய்து பார்

அ) "மாமல்லபுரம்" எத்தனை எழுத்து? எத்தனை கணினிக் குறி?
ஆ) "கொ" பார்க்க மூன்று துண்டாகத் தெரிகிறது. சாதாரணமாகத் தட்டச்சு செய்தால் எத்தனை குறி?
இ) "மழை பெய்தால் நாளை பள்ளி விடுமுறை இல்லை" – எங்கே வெட்டினாலும் பொருள் கெடாதபடி மாற்றி எழுதுக.

விடை: அ) 7 எழுத்து, 11 குறி. ஆ) 2 குறி. இ) உங்கள் விடையை எழுதி, இந்தத் தாளின் கீழே குத்தி வையுங்கள். நல்ல விடை அடுத்த இதழில் வரும்.



– ஒன்பதாம் வகுப்பு மாணவி, மறைமலைநகர்